இறங்கும்போது தெரியும் வண்டி

செப்டம்பர் மாதத்தில் மேரிஸ்வேல் பெட்ரோல் பங்கில் கார் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. எங்கு பார்த்தாலும் ஏ.டி.வி.கள், எந்தத் தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டிகள். சேறு அப்பிய பெருத்த டயர்கள், முன்னும் பின்னும் இரும்புக் கேரியர், கேரியரில் ரப்பர் கயிற்றால் இறுக்கிய பெட்டிகள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே பெட்ரோல் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்துத் திரும்புகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து தெற்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். மக்கள்தொகை ஐந்நூறைத் தொடாது. மேற்கே டஷர் மலைத்தொடர், கிழக்கே மன்ரோ மலை, இரண்டுக்கும் நடுவே சிவீர் ஆறு. பயூட் ஏ.டி.வி. பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஃபிஷ்லேக் தேசிய வனத்துக்குள் மூன்று மலைத்தொடர்களைச் சுற்றிவரும் 275 மைல் வளையம் அது. வளையம் என்பதால் முதலும் முடிவும் இல்லை. வழியில் உள்ள எந்த ஊரிலும் ஏறிக்கொள்ளலாம். பாதை ஊர்களுக்குள் நுழையும் இடங்களில் தெருவிலும் ஏ.டி.வி. ஓட்ட அனுமதி உண்டு. அதனால் காலைச் சாப்பாட்டுக்கும் அதிலேயே வருகிறார்கள்.

என்னை இங்கே அழைத்துவந்தவன் என் கல்லூரித் தோழன். சால்ட் லேக் சிட்டியில் வேலை, பத்திருபது வருடமாக அங்கேதான் குடித்தனம். பக்கத்து வீட்டுக்காரர்களுடன் மலைக்குப் போய் வேட்டை பழகியவன். எல்க் மான் வேட்டைக்கு இனி தன் சொந்த வண்டியில் போக வேண்டும், அதுவும் பெரிய வண்டியாக வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தான். எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். ஷோரூமில் வண்டிகள் வரிசையாகப் பளபளத்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சிசியும் குதிரைத்திறனும் எழுதிய அட்டை தொங்குகிறது. அந்த அட்டையை நம்பிப் பத்தாயிரம் டாலர் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மலை மேல ஓட்டிப் பாத்துரலாம்டா" என்றான். வெவ்வேறு கம்பெனி வண்டிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

பெரிய ஏ.டி.வி. என்றால் பொதுவாக 500 சிசிக்கு மேல், 1,000 சிசி வரை. எடை 300 கிலோவைத் தாண்டும். மோட்டார் சைக்கிள் போலக் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுவது. ஆக்ஸிலரேட்டரை வலது கைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஜீப் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்காரும் வண்டி வேறு இனம். இப்போது அதுதான் அதிகம் விற்கிறது. வேட்டைக்காரர்கள் பலர் இன்னும் ஏ.டி.வி.யை விடாமல் இருப்பதற்குக் காரணம் பாதையிலேயே நின்றுகொண்டிருந்தது. கிளைப்பாதைகள் பலவற்றின் வாயிலில் இரண்டு கம்பங்களை நட்டு, 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதியில்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். யமஹா கிரிஸ்லி, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 போன்றவை 48 அங்குலத்தை ஒட்டியவை; அந்தக் கம்பங்களுக்கு நடுவே நுழைந்துவிடும். அகலமான பக்கவாட்டு இருக்கை வண்டிகள் அங்கேயே திரும்ப வேண்டியதுதான். எல்க் கூட்டம் இருப்பது பெரும்பாலும் அந்தக் கம்பங்களுக்கு அப்பால். ஆகவே ஷோரூமுக்குப் போகிறவர் கையில் முதலில் அளவு நாடா இருக்க வேண்டும் என்பேன். அகலமான டயரும், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் இடைவளையமும் மாட்டிவிட்டு, பிறகு கம்பத்தில் இடித்து நிற்பவர்களும் உண்டு.

மேரிஸ்வேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. டஷர் மலையில் பாதை 11,000 அடிக்கு மேலே ஏறுகிறது. காற்று மெலிய மெலிய இன்ஜினுக்கு மூச்சு குறையும். ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு சக்தி போய்விடும் என்பது பொதுக் கணக்கு. 44 குதிரைத்திறன் என்று எழுதிய 570 சிசி இன்ஜின் அந்த உயரத்தில் முப்பதை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறது. சமவெளியில் தாராளமாகத் தோன்றும் சின்ன இன்ஜின், ஆளும் பாரமும் ஏறியபின் இங்கே திணறுவது இதனால்தான். மலை வேட்டைக்குப் பெரிய இன்ஜின் கேட்பதில் ஆடம்பரம் ஏதும் இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் மேலே போகப் போகக் கரும்புகை கக்கும். உயரத்துக்குத் தக்கபடி ஜெட் மாற்ற வேண்டும். எரிபொருளை ஊசிவழி பீய்ச்சும் இப்போதைய இன்ஜின்கள் காற்றை அளந்து தாமே சரிசெய்துகொள்கின்றன. மலைக்குப் பழைய வண்டி தேடுகிறவர்கள் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏறும் வழி முழுக்க ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு மேலே கறுத்த ஸ்புரூஸ். அதற்கும் மேலே மரமே இல்லாத புல்சரிவு, உடைந்த பாறை. எதிர்ச் சரிவில் வெள்ளைப் புள்ளிகளாக மலையாடுகள் தெரிந்தன. பாதையை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் பழைய தங்கச் சுரங்கங்களின் மிச்சங்கள். கிம்பர்லி என்ற சுரங்க ஊர் ஒரு காலத்தில் கடையும் சிறையும் வைத்து வாழ்ந்தது. இன்று ஆளில்லாத ஊர். சுரங்கத்துக்காகக் கோவேறு கழுதைகள் நடந்த தடங்கள்தாம் பல இடங்களில் இன்றைய ஏ.டி.வி. பாதை.

ஏறுவதற்கு எல்லா வண்டிகளும் ஏறின. வாடகைக்கு எடுத்தவற்றில் எதுவும் எங்களை ஏற்றத்தில் ஏமாற்றவில்லை. வித்தியாசம் தெரிந்தது இறக்கத்தில். செங்குத்தான கல் இறக்கம், ஒரு பக்கம் பள்ளம், பின் கேரியரில் எடை. அங்கே வண்டி தானாக வேகம் எடுத்தால் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். உருளைக் கற்கள் மேல் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. இன்ஜினே இழுத்துப் பிடித்தால் நான்கு சக்கரமும் நிதானமாகச் சுழன்றபடி இறங்கும். பெரிய ஏ.டி.வி. வாங்குகிறவர் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான் என்று அன்று மனதில் பதிந்தது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

இதன் சூட்சுமம் கியர்பெட்டியில் இருக்கிறது. பெரும்பாலான ஏ.டி.வி.களில் கியர் கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். நம் ஊர் ஆக்டிவாவிலும் ஜூப்பிட்டரிலும் ஓடுவது இதே ஏற்பாடுதான், அளவுதான் பெரிது. வேகத்துக்கு ஏற்பக் கப்பிகள் விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றுகின்றன. ஓட்டுவது சுலபம். ஆனால் சாதாரண அமைப்பில் இன்ஜின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் முன் கப்பி பெல்ட்டைத் தளர்த்திவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடிப்பு அறுந்து வண்டி உருளத் தொடங்கும். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. யமஹாவின் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். பிடிப்பதையும் விடுவதையும் எண்ணெயில் மூழ்கிய தனிக் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். கூடவே ஒருவழிக் கிளட்ச் ஒன்றும் உண்டு. அதனால் இறக்கத்தில் இன்ஜினின் பிடி விடாது. பெல்ட்டும் வழுக்கித் தேயாமல் நெடுநாள் உழைக்கிறது. போலாரிஸ் தன் சில மாடல்களில் இறக்கக் கட்டுப்பாட்டு வசதி வைத்திருக்கிறது. எல்லா மாடலிலும் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். ஹோண்டாவின் ரான்சர், ஃபோர்மேன், ரூபிகான் வண்டிகளில் பெல்ட்டே கிடையாது. கார் மாதிரி பல்சக்கரக் கியர்கள். காலால் மாற்றுவது, பொத்தானால் மாற்றுவது, இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானாகவே மாறுவது என்று வகைகள். முதல் கியரில் போட்டு விட்டால் மலையே சரிந்தாலும் அது தன் நடையில்தான் இறங்கும்.

பெல்ட் பாவம் செய்யவில்லை. அதைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் அதைக் கொல்கிறது. மெதுவாகக் கல்லில் ஏறும்போதும், பாரம் இழுக்கும்போதும் 'லோ' விகிதத்தில் போட வேண்டும். அதைச் செய்யாமல் 'ஹை'யிலேயே முறுக்கினால் பெல்ட் வழுக்கும், சூடேறும், கண்ணாடி போல் வழவழப்பாகும், பிறகு கிழியும். ஓர் ஓடைக் கரையில் அப்படி நின்றுபோன ஒருவரைப் பார்த்தோம். ஆழம் பார்க்காமல் தண்ணீரில் இறங்க, பெல்ட் பெட்டிக்குள் நீர் புகுந்து வழுக்கியிருக்கிறது. அவர் விடாமல் முறுக்க, அறுந்துவிட்டது. மாற்றுப் பெல்ட் கையில் இல்லை. 300 கிலோ வண்டியை அந்தச் சரிவில் ஒருவரால் அசைக்க முடியாது. பின்னால் வந்த ஒரு குடும்பம் கயிறு கட்டி இழுத்துப்போனது. மாலையில் அங்கே குளிர் பூஜ்யத்தை நெருங்கும், கைப்பேசியில் சிக்னல் கிடையாது. நம்பகமான வண்டி என்று மலைக்காரர்கள் சொல்லும்போது அதில் உயிர்ப் பயம் கலந்திருக்கிறது. நகரத்தில் வண்டி நின்றால் நேரம்தான் வீணாகும். இங்கே இரவு முழுக்கப் பனியில் கிடக்க வேண்டும்.

ஊர் ஓரத்தில் ஒரு பெரியவரின் கொட்டகைக்குத் தோழன் என்னைக் கூட்டிப்போனான். வாழ்நாளெல்லாம் இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர்; வேட்டைக்காரரும்கூட. கொட்டகையின் மூலையில் ஒரு மூன்று சக்கர ஹோண்டா நின்றது. ஏ.டி.வி.யின் ஆதிப் பிறவி அதுதான். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் கஷ்டப்பட்ட அமெரிக்க டீலர்கள், குளிரிலும் விற்கக்கூடிய ஏதாவது வேண்டும் என்று கேட்க, ஹோண்டாவின் பொறியாளர் ஓசாமு டகேயுச்சி பலூன் போன்ற காற்று குறைந்த டயர்களை மாட்டி 1970இல் கொண்டுவந்தது. மூன்று சக்கரம் திருப்பங்களில் ஆளைக் கவிழ்த்தது. குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். 1982இல் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1986இல் ஹோண்டா நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை விட்டது. வேட்டைக்காரர்கள் அன்றிலிருந்துதான் இதை உண்மையாக நம்பத் தொடங்கினார்கள். 1988இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையின்படி மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. மினசோட்டாவின் ரோஸோவில் பனிவண்டி செய்துகொண்டிருந்த போலாரிஸ் 1985இல் இத்துறைக்கு வந்து, 1996இல் ஸ்போர்ட்ஸ்மேன் 500ஐ வெளியிட்டது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அந்த அமைப்பு, கல் பாதையில் முதுகெலும்பைக் காப்பாற்றியது.

பெரியவர் எந்தக் கம்பெனியையும் புகழவில்லை, திட்டவுமில்லை. உனக்கு ஒரு மணி நேரத் தொலைவில் யாருடைய டீலர் இருக்கிறான் என்று தோழனிடம் கேட்டார். ஒரு பேரிங்குக்காக வேட்டைப் பருவம் முழுக்கக் காத்திருந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். எவ்வளவு நல்ல வண்டியும் உதிரிப் பாகம் தூரத்தில் இருந்தால் கொட்டகையில்தான் நிற்கும். பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு அவர் சொன்ன வரிசை எனக்குப் பிடித்தது. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திற. உள்ளே சேறு இருந்தால் மூடிவிட்டு வீட்டுக்குப் போ. பிறகு சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார், பேரிங் ஆடுகிறதா என்று. டிஃபரென்ஷியல் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஆக்ஸில் முனைகளில் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே மணல். இவ்வளவுக்குப் பிறகுதான் இன்ஜினை முடுக்க வேண்டும், அதுவும் குளிர்ந்திருக்கும்போது. விற்பவர் முன்னதாகவே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்கச் சொன்னார்.

எல்க்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூட்டாவில் அது ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டுத்தான் கூட்டத்தை மீட்டார்கள். 1971இல் மாநில விலங்காகவும் ஆக்கினார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம். இங்கே அது கணக்கு வைத்து நடக்கிற பராமரிப்பு. நல்ல பகுதிகளில் அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காதவருக்குப் புள்ளி சேரும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. நான் துப்பாக்கி தொட்டதில்லை, தொடவும் விருப்பமில்லை. ஆனாலும் இந்த மலையில் இத்தனை எல்க் உயிரோடிருப்பதில் வேட்டைக்காரர்களின் பணமும் பொறுமையும் இருக்கின்றன என்பதை மறுக்க முடியவில்லை.

செப்டம்பரில் ஆண் எல்க்குகள் இணை தேடிக் குரல் எழுப்பும். புல்லாங்குழலும் கதவுக் கீலும் சேர்ந்தது போன்ற ஒலி. அதிகாலையில் அதைக் கேட்க வேண்டுமென்றால் வண்டியை வெகு தூரம் முன்பே அணைத்துவிட வேண்டும். ஒரிகான் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் எல்க்குகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, ஏ.டி.வி., மலைச் சைக்கிள், குதிரை, நடை ஆகிய நான்குக்கும் அவை எப்படி விலகுகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். அதிகமாக விலகியது ஏ.டி.வி.யிடமிருந்துதான். வண்டியிலேயே எல்க்கை நெருங்கிவிடலாம் என்று நினைப்பவர் காட்டை அறியாதவர். சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. 2005ஆம் ஆண்டு வனத்துறை விதிப்படி, வரைபடத்தில் குறித்த பாதைகளை விட்டு வண்டி விலகக் கூடாது. இறைச்சியை எடுக்கத்தானே போகிறோம் என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. புல்வெளியில் ஒரு முறை பதிந்த டயர் தடம் மழையில் ஓடையாகிவிடும். டஷர் மலையின் மரமற்ற உச்சிகளில் அப்படிச் சில பழைய காயங்களைப் பார்த்தேன், வருத்தமாக இருந்தது. வண்டி பாதையோரம் நிற்க வேண்டும், மீதியைக் கால் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒழுக்கம் இல்லாதவருக்கு எந்த வண்டியையும் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை.

கால்கள் பாதை வரை சுமந்து வந்தபின்தான் வண்டியின் பாரவேலை. எலும்பு நீக்கினால் ஒரு எல்க்கில் நூறு கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். பெரிய ஏ.டி.வி.களின் பின் கேரியர் தாங்குவது பெரும்பாலும் 80 முதல் 90 கிலோ, முன் கேரியர் 40 முதல் 50 கிலோ. முழுவதையும் பின்னால் ஏற்றிக் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும், திருகலான சரிவில் பக்கவாட்டில் சாயும். இரண்டு நடையாகக் கொண்டுவருவதே விவேகம். கொம்பை உயரத்தில் கட்டி ஊர்வலம் வருகிறவர்கள் எடையை உயர்த்திக்கொள்கிறார்கள். ஒரே தண்டாக உள்ள பின் ஆக்ஸில் பாரத்தில் தாழாது, பக்கச் சரிவில் ஆடாது. தனித்தனி சஸ்பென்ஷன் தரையிலிருந்து 11, 12 அங்குலம் உயர்ந்து கல்லைத் தாண்டும். டஷர் போன்ற கல் பாதைக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. பின்னால் ஆள் ஏற்றுவது, அதற்கென்று செய்யாத வண்டியில் கூடவே கூடாது. யூட்டாவில் 2023 முதல் பெரியவர்களும் இணையவழிப் பாடம் முடித்துத்தான் ஓட்ட வேண்டும். அதைச் சுமை என்று முணுமுணுப்பவர்கள் கவிழ்ந்த வண்டிக்கு அடியிலிருந்து ஆளை எடுத்ததில்லை.

கடைசியில் தோழன் இரண்டுக்குள் வந்து நின்றான்: 686 சிசி யமஹா, பெல்ட் இல்லாத 518 சிசி ஹோண்டா ரூபிகான். உயரத்தில் இழுவை முன்னதற்குக் கூடுதல்; பின்னதில் அறுந்துபோக ஒன்றுமில்லை. இரண்டிலும் பவர் ஸ்டீயரிங் உண்டு. கல் பாதையில் நாள் முழுக்க ஓட்டுகிறவரின் மணிக்கட்டுக்கு அது அவசியம். இரண்டும் கம்பங்களுக்கு நடுவே நுழையும். இறக்கத்தில் இரண்டுமே கையை விட்டுப் போகவில்லை. 1,000 சிசி வண்டியை அவன் கேட்கவே இல்லை. விலையும் எடையும் எண்ணெய்ச் செலவும் ஏறி, இந்த 50 அங்குலப் பாதையில் அந்தச் சக்தியைக் காட்ட இடமும் இல்லை. அவன் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் யமஹா டீலர் இருந்தார். அதனால் யமஹா. மிச்சம் பிடித்த பணத்தில் 2,500 பவுண்டு இழுக்கும் வின்ச், ஆறடுக்கு டயர், பஞ்சர் ஒட்டும் பெட்டி, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி, ஒரு மாற்றுப் பெல்ட். பெல்ட்டை மாற்றும் கருவிகளையும் சேர்த்து வாங்க வைத்தார் பெரியவர். வாங்கிய பின் முதல் வேலையாக, வீட்டு முற்றத்திலேயே வெளிச்சத்தில் ஒரு தடவை பெல்ட்டைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்.